மொட்டைக் கழுத்துக் கோழியின் விலை

ஏஞ்சலம்மாள் விழுந்தது 1964-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் ஒன்பதாம் தேதி, வெள்ளிக்கிழமை, காலை ஐந்தேகால் மணிக்கு. தாராவியில் அவர்கள் குடியிருந்த வரிசைக்கு ஒரே தண்ணீர்க் குழாய்தான். மழைக்காலம் முடிந்தும் குழாயைச் சுற்றிப் பாசி காயவில்லை. இரண்டாவது குடத்தை இடுப்பில் ஏற்றியவள் குடத்தோடு சரிந்தாள். குடத்துக்கு ஒரு நெளிவுகூட இல்லை. இடுப்பு முறிந்துவிட்டது.

முனிசிபாலிட்டி ஆஸ்பத்திரியில் படுக்கை கிடைத்தது. காலில் கயிறு கட்டி எடையைத் தொங்கவிட்டார்கள். படுக்கைக்கும் டாக்டருக்கும் காசு இல்லை. ஆனால் முறிந்த எலும்பில் அடிக்க ஓர் எஃகு ஆணியும், அதோடு சேர்கிற தகடும், நாலு திருகாணியும் வெளியே வாங்கிக்கொண்டு வந்து கொடுக்க வேண்டும். தாதரில் ஒரு கடையில் கிடைக்கும். விலை இருநூற்று நாற்பது ரூபாய். டாக்டர் சின்ன வயசுக்காரர், மராத்திக்காரர். இந்தியில் நிதானமாகச் சொன்னார்: பதினைந்து நாளைக்குள் ஆணி ஏற வேண்டும். தள்ளிப்போனால் முதுகில் புண் வரும், நெஞ்சில் சளி கட்டும். கிழவிகள் இடுப்பு முறிந்து சாவதில்லை, படுத்துக் கிடந்து சாகிறார்கள்.

அதைக் கேட்டுக்கொண்டு நின்றவள் மகள் செல்வமேரி. வயது முப்பத்தொன்று, கல்யாணம் ஆகவில்லை. செம்பூரில் ஒரு மருந்துக் கம்பெனியில் சீசாக்களுக்கு லேபிள் ஒட்டுகிற வேலை. தினக்கூலி இரண்டேமுக்கால் ரூபாய். பதினோரு வருஷமாய் லேபிள் ஒட்டிய கண்ணுக்கு எது கோணலாய் இருந்தாலும் உடனே தெரிந்துவிடும். தெரிந்து என்ன செய்ய?

கம்மலை மாதுங்கா அடகுக் கடையில் வைத்ததில் அறுபத்தைந்து. கம்பெனி முன்பணம் நாற்பது. ஊர்ப்பக்கம் வாத்தியாராய் இருக்கும் அண்ணனுக்குத் தந்தி கொடுத்தாள். பதில் தந்தி மறுநாளே வந்தது. எட்டு வார்த்தைக்கு ஒரே கட்டணம் என்பதால், அண்ணன் எட்டையும் ஜெபத்துக்கே செலவழித்திருந்தான். வட்டிக்காரன் ஈடு கேட்டான். ஈடு வைக்க வீட்டில் இருந்த உயிருள்ள, உயிரில்லாத பொருள் எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்தாள். அம்மாவின் மொட்டைக் கழுத்துக் கோழி ஒன்றுதான் மிச்சம்.

கோழிக் கடை மெஹராஜ் அதற்கு எட்டு ரூபாய் தருவதாக வெகுநாளாய்ச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் அதை விற்க முடியாது. குஞ்சிலேயே கோயிலுக்கு நேர்ந்துவிட்ட கோழி அது.

இன்னும் வேண்டியது நூற்று முப்பத்தைந்து ரூபாய்.

*

தாராவியில் யாரும் விதைப்பதுமில்லை, அறுப்பதுமில்லை. இருந்தாலும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த கிறிஸ்தவர்கள் வருஷம் தவறாமல் அறுப்பின் பண்டிகை கொண்டாடினார்கள். ஊரில் வயலும் தோட்டமும் வைத்திருந்த பாட்டன்மார் செய்ததை இங்கே தோல் கிடங்கிலும் மில்லிலும் வேலை பார்க்கிற பேரன்மார் விடுவார்களா? பூசணிக்காய், தேங்காய், கோழி, எலுமிச்சம்பழம் என்று அவரவர் கொண்டுவந்து தகரக் கூரைக் கோயிலில் வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் ஏலம். கடையில் ஓரணா பெறாத எலுமிச்சம்பழம் அங்கே பத்து ரூபாய்க்குப் போகும். ஏலம் எடுத்தவர் பெரிய மனசு பண்ணி, "திரும்பக் கோயிலுக்கே" என்று பொருளைத் திருப்பிக் கொடுப்பார். அதை மறுபடியும் ஏலம் போடுவார்கள். எத்தனை கை மாறுகிறதோ அத்தனை மகிமை.

புதன்கிழமை சாயங்காலம் கோயில் கமிட்டி கூடியபோது செல்வமேரி போய் வாசலில் நின்றாள். உள்ளே எட்டுப் பேர். அவர்களில் பேசுகிறவர்கள் இரண்டு பேர்தான். ஒருவர் செயலாளர் தனசீலன், தோல் கிடங்கு முதலாளி. பேசும்போது இரண்டு கைகளையும் வயிற்றின்மேல் கோத்து வைத்துக்கொள்வார். மற்றவர் தாவீது, பெயிண்ட் காண்ட்ராக்டர். நகக்கண்ணில் எப்போதும் பச்சையோ நீலமோ இருக்கும். நவம்பர் மாதம் கமிட்டித் தேர்தல். செயலாளர் நாற்காலியைத் தனசீலன் விடமாட்டார், தாவீதுக்கு அது வேண்டும்.

"தரும நிதியில என்ன இருக்குன்னு கேக்குதியா செல்வமேரி? எலிதான் இருக்கு" என்றார் தனசீலன்.

"எலி தின்னது எவ்வளவுன்னு மட்டும் கேட்ராத பிள்ள. அண்ணாச்சிக்குக் கோவம் வரும்" என்றார் தாவீது.

தனசீலன் அது காதில் விழாதவர்போல் கண்ணை மூடித் திறந்தார். "ஒங்கம்மா நேர்ந்த கோழி ஒண்ணு நிக்கில்லா? ஞாயித்துக்கெழம அத ஏலத்துல விடுவோம். அதுல வார துட்டு அம்புட்டும் ஒங்கம்மா காலுக்கு. எப்படி?"

"நான் சொல்ல வாயெடுத்தேன், அண்ணாச்சி முந்திக்கிட்டாரு" என்றார் தாவீது.

செல்வமேரி தயங்கினாள். "ஞாயித்துக்கெழம வரைக்கும் போவாண்டாம் அண்ணாச்சி. இங்க எட்டுப் பேர் இருக்கிய. இப்பம் ஆளுக்குப் பதினஞ்சு இருவது குடுத்தியன்னா, நான் மாசாமாசம் கொஞ்சங்கொஞ்சமா..."

ஒருவர் விளக்குத் திரியைத் தூண்டினார். ஒருவர் தம் செருப்பைத் தேடினார்.

"கையேந்தி வாங்குதது ஒனக்கு மரியாதயா?" என்று தனசீலன் மெதுவாகக் கேட்டார். "பிச்ச வேற, காணிக்க வேற. ஏலத்துல வந்தா மரியாதயா வரும். ஒன் மரியாதய நாங்க பாக்குதோம், நீ பாக்கலியே."

எட்டுப் பேரும் தலையை ஆட்டினார்கள். தங்கள் இரக்கத்தைக் கண்டு தாங்களே கொஞ்சம் கலங்கியிருந்தார்கள் என்றுகூடச் சொல்லலாம். செல்வமேரி "தோத்திரம் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு வந்தாள். நன்றி சொன்ன வாயைக் கொப்பளிக்க வேண்டும்போல் இருந்தது.

ஆஸ்பத்திரியில் அம்மாவிடம் சொன்னபோது அவள் முகம் மலர்ந்துவிட்டது. "என் கோழியையா? என் காலுக்கா? ஏட்டி, அது கர்த்தருக்குன்னு நேர்ந்ததாச்சே. தப்பில்லையா?"

"கமிட்டியே சொல்லிருக்கு."

"அப்பஞ் சரி. நல்லா குளிப்பாட்டிக் கொண்டு போ. வாரத்துக்கு நாலு முட்டை இடும்னு மறக்காம சொல்லு. எடுக்கவிய வெட்டிராம வளக்கட்டும்."

*

ஞாயிற்றுக்கிழமை பதினெட்டாம் தேதி. உள்ளே இடம் போதாமல் வெளியிலும் கூட்டம். ஏலம் கூறியவர் உபதேசியார். ஒல்லியான மனுஷன், குரல் மட்டும் மூன்று ஆள் குரல். பூசணிக்காய், வாழைக்குலை எல்லாம் போன பிறகு கோழியைக் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கினார். காலையில் செல்வமேரி சோப்புப் போட்டுக் குளிப்பாட்டிய கோழி. பயத்தில் அவர் வேட்டியில் கழிந்துவைத்தது. ஜனங்கள் சிரித்தார்கள்.

"சபையாரே, இது வெறுங்கோழி இல்ல. ஏஞ்சலம்மா இடுப்புக் கோழி. அந்தத் தாய் எந்திரிச்சி நடக்கணுமா, படுத்தே கெடக்கணுமா? ஒங்க வாயிலதான் இருக்கு. அஞ்சு ரூவா."

"பத்து" என்றார் தாவீது.

"பதினஞ்சு" என்றார் தனசீலன். ஆலயத்தில் பேசுகிற தாழ்ந்த குரல்தான். ஆனால் எல்லார் காதிலும் விழும்.

இருபத்தைந்து வரை மற்றவர்களும் கேட்டார்கள். அதற்குமேல் இரண்டு குரல்தான். ஐம்பதைத் தாண்டியதும் பெண்கள் பக்கம் வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டார்கள். எழுபத்தைந்தில் தனசீலன் வேண்டுமென்றே பேசாமல் இருந்துவிட்டார். உபதேசியார் மூன்று தரம் சொன்னார். கோழி தாவீதுக்கு.

தாவீது எழுந்தார். நெஞ்சில் கையை வைத்தார். "திரும்பக் கோயிலுக்கே. ஏஞ்சலம்மா சித்தி காலுக்கே."

கைதட்டல் தகரக் கூரையில் மழைபோல் விழுந்தது. இதற்குத்தான் தனசீலன் காத்திருந்தார் போலிருக்கிறது. இரண்டாம் ஏலத்தில் அவரே ஐம்பதில் தொடங்கினார். தாவீது விடவில்லை. நூறு, நூற்றுப் பத்து, நூற்று முப்பது. கோழி தலைகீழாகத் தொங்கி மயங்கிவிட்டது. அதன் சிவந்த வெறுங்கழுத்து கறுத்துக்கொண்டு வந்தது. நூற்று ஐம்பத்தொன்றில் தாவீது கையை விரித்தார். கோழி தனசீலனுக்கு.

ஆக மொத்தம் இருநூற்று இருபத்தாறு. போதகர் ஐயர் கண்ணீரோடு ஸ்தோத்திர ஜெபம் செய்தார். செல்வமேரியும் அழுதாள். பக்கத்தில் நின்ற பெண்கள் அவள் முதுகைத் தடவினார்கள். நூற்று முப்பத்தைந்து போக மிச்சத்தில் அம்மாவுக்குப் பால், பழம், வீடு வந்து சேர டாக்சி என்று அழுதுகொண்டே கணக்குப் போட்டாள். டாக்டரிடம் முந்தின நாளே சொல்லிவைத்திருந்தாள். செவ்வாய்க்கிழமை ஆப்பரேஷன். திங்கட்கிழமை சாயங்காலத்துக்குள் ஆணி ஆஸ்பத்திரிக்கு வந்தாக வேண்டும். கொதிக்கவைக்க நேரம் வேண்டுமாம்.

கூட்டம் கலைந்ததும் பொருளாளர் மேசைக்குப் போனாள். அவர் தகர டப்பாவைத் திறந்து காட்டினார். உள்ளே பதினோரு ரூபாயும் நாற்பது பைசாவும் கிடந்தன.

"மிச்சம்?"

"மிச்சம் எழுதிருக்கு பாரு. கிறிஸ்துமசுக்குள்ள வந்துரும்."

"கிறிஸ்துமசா? எனக்கு நாளைக்கு வேணும்."

பொருளாளர் அவளை நிமிர்ந்து பார்த்தார். புதிதாய் ஊருக்கு வந்தவளைப் பார்க்கிற பார்வை. "கோயில் ஏலத்துல எவன் ரொக்கம் வச்சான்? அம்புட்டும் உதார்தானே, கடன்தானே. போன வருஷம் நீ எடுத்த பூசணிக்காய்க்கு ரெண்டு ரூவாய எப்பம் குடுத்த? ஜனவரி முடிஞ்சுல்லா குடுத்த."

அது உண்மை. அவளுக்கு அது தெரியாமலும் இல்லை. பிறந்ததிலிருந்து பார்க்கிற ஏலம். கூப்பிட்ட விலை ஒரு நாள், கொடுக்கிற விலை ஒரு நாள். புதன்கிழமையிலிருந்து எல்லாரும் அம்மாவின் இடுப்பைப் பற்றிப் பேசிய பேச்சில், அது அவளுக்கு நினைவே வரவில்லை. பூசணிக்காய்க்குக் கூப்பிட்டதுபோலவேதான் இடுப்புக்கும் கூப்பிட்டிருக்கிறார்கள்.

*

திங்கட்கிழமை கம்பெனிக்கு லீவு போட்டாள். இரண்டேமுக்கால் ரூபாய் போயிற்று. காலை எட்டு மணிக்குத் தாவீதின் கொட்டகையில் நின்றாள். அவர் டின்னுக்குள் கட்டையை விட்டுப் பெயிண்ட் கலக்கிக்கொண்டிருந்தார். மூன்று வேலையாட்கள் தூரிகை கழுவிக்கொண்டிருந்தார்கள்.

"ஒரே வார்த்த, செல்வமேரி. அவன் நூத்தம்பத்தொண்ண மொதல்ல வைக்கட்டும். அடுத்த நிமிஷம் என் எழுவத்தஞ்சு."

"நீங்க மொதல்ல வச்சா என்ன அண்ணாச்சி? ஒங்க ஏலந்தானே மொதல் ஏலம்."

"நான் வச்சி, அவன் வைக்கலன்னா? ஏமாளி யாரு? தாவீது. எலெக்‌ஷனுக்கு இன்னும் மூணு வாரம்." கட்டையைத் தூக்கி, பச்சை வழிவதைப் பார்த்தார். "ஒனக்குத் தராம எங்க போவப்போறேன்? ஆனா முறைன்னு ஒண்ணு இருக்குல்லா."

தனசீலன் காலையில் கிடங்கில் இல்லை. பத்து மணிக்கும் இல்லை. மதியச் சாப்பாட்டுக்கு வருவார் என்றார்கள். பன்னிரண்டரைக்குப் போனாள். கீழே தோல் கிடங்கு, மேலே வீடு. உப்புப் போட்டு அடுக்கிய தோல்களின் வாடை படியேறி அவளோடு வந்தது. மேலே போகப்போக அதில் வேறொரு வாசனை கலந்தது. வறுத்த மல்லி, தேங்காய், கறி.

தனசீலன் தரையில் பலகை போட்டு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பெண்சாதி ஜெபக்கனி பக்கத்தில் அகப்பையோடு நின்றாள். அடுப்பிலிருந்து இறக்கிய மண்சட்டியில் குழம்பு இன்னும் லேசாகக் கொதித்துக்கொண்டிருந்தது.

"வா செல்வமேரி, நல்ல நேரத்துக்குத்தான் வந்துருக்க. ஜெபக்கனி, பிள்ளைக்கு ஒரு தட்டு வையி. அதுவும் அவிய வீட்டுக் கோழிதானே."

செல்வமேரி சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தாள். ஓரத்தில் ஒதுக்கி வைத்த எலும்புகளுக்கு நடுவே கழுத்து கிடந்தது. அம்மா தவிட்டைப் பிசைந்து கையில் வைத்து நீட்டும்போது நீண்டு நீண்டு கொத்துகிற கழுத்து. 

"வெட்டிட்டியளா அண்ணாச்சி?"

"ஏலத்துல எடுத்த கோழிய வச்சிக் கொஞ்சவா முடியும்? கொஞ்சம் முத்தல். ஆனா ருசி இருக்கு." ஒரு காலை எடுத்து முறித்து உறிஞ்சினார். அந்தச் சத்தம் அறை முழுக்கக் கேட்டது.

"துட்டு வேணும் அண்ணாச்சி. நாளைக்கு ஆப்பரேஷன். இன்னைக்கு ஆணி வாங்கணும்."

"வரும் வரும். எங்க போவுது? கமிட்டி ஒண்ணாந்தேதி கூடும். தீர்மானம் போட்டு முறைப்படி ஒனக்குக் குடுப்பாவ."

"கமிட்டி வேண்டாம். கோழி எடுத்தது நீங்க. நீங்க எங்கிட்ட குடுங்க."

தனசீலன் விரலை நக்கினார். சுண்டுவிரலிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக, நிதானமாக. "அதெப்படிம்மா? ஏலம் கோயில்ல நடந்துச்சி. நான் கடன்பட்டது கர்த்தருக்கு. ஒனக்கில்ல."

"கர்த்தருக்கு இடுப்பு ஒடியல அண்ணாச்சி."

ஜெபக்கனியின் வாயோரம் துடித்து அடங்கியது. தனசீலன் முகம் கறுத்தது. "வாய அடக்கிப் பேசு. ஒங்கம்மாவுக்காவத்தான் அம்புட்டுக்குக் கூப்பிட்டேன். இல்லன்னா இந்த மொட்டைக் கழுத்துக்கு எவன் நூத்தம்பது குடுப்பான்? மார்க்கெட்டுல எட்டு ரூவா. என்னைக்குமே நன்றிங்கறது..." என்றவர், பல்லிடுக்கில் சிக்கிய நாரை நாக்கால் துழாவியதில் மிச்சத்தைச் சொல்ல மறந்துபோனார்.

செல்வமேரிக்கு அப்போது கோபம்கூட வரவில்லை. சாக்கடையில் கால் வைத்துவிட்டால் யாரும் சாக்கடைமேல் கோபப்படுவதில்லை. காலை எடுக்கத்தான் பார்ப்பார்கள். கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. காசு வராத சரக்கைத் திருப்பி ஏற்றிவிடுவார்கள், பாதி பிரித்திருந்தாலும். அது நினைவுக்கு வந்தது. குனிந்து சட்டியின் வாயைப் பிடித்தாள்.

"ஏ பிள்ள, சுடும்" என்றாள் ஜெபக்கனி. சொன்னதோடு நிற்காமல் அடுப்படித் துணியை எடுத்து நீட்டினாள். அதை ஏன் நீட்டினாள் என்று செல்வமேரி பிறகு பலமுறை நினைத்துப் பார்த்ததுண்டு.

"என்ன செய்யுத?" என்றார் தனசீலன்.

"துட்டு குடுக்காத சரக்கு, சரக்குக்காரவியளுக்கு" என்றாள். துணியைச் சுற்றிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினாள். எச்சில் கையோடு அவரால் உடனே எழுந்து வர முடியவில்லை. வயிறும் விடவில்லை.

*

தெருவில் இரண்டு நாய்கள் பின்னால் வந்தன. குழம்பு தளும்பி மணிக்கட்டில் வழிந்தது. வாடை முகத்தில் அடித்தது. அம்மா வளர்த்த கோழி என்பதால் வந்த குமட்டல் பாதிதான். மறுபாதி, தான் எங்கே போகிறோம், என்ன சொல்லப் போகிறோம் என்பது அவளுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்ததால் வந்தது. இரக்கத்தைக் கேட்டு இரண்டு வாசலில் நின்றாயிற்று. இனிக் கேட்கவேண்டியது வேறு.

தாவீதின் கொட்டகையில் வேலையாட்கள் ரொட்டி தின்றுகொண்டிருந்தார்கள். சட்டியை டின்களுக்கு நடுவே இறக்கினாள்.

"என்னது இது?"

"கோழி. தனசீலன் அண்ணாச்சி துட்டு வைக்கல. அதனால அவரு ஏலம் செல்லாது. மறு ஏலம். நூத்தம்பது வரைக்கும் கேட்டது நீங்கதான். ஒரு ரூவா கூட வச்சி எடுத்துக்கிடுதியளா, இல்ல உபதேசியார்ட்ட கொண்டு போவட்டா?"

தாவீதுக்கு விளங்க ஒரு நிமிஷம் ஆயிற்று. விளங்கியதும் முகம் எப்படி விரிந்தது! ஏலத்தன்று நெஞ்சில் கை வைத்தபோதுகூட அந்த முகத்தில் இத்தனை வெளிச்சம் இல்லை.

"அவன் தின்னுட்டு இருக்கும்போதா? தட்டுக்கு முன்னாலருந்தா?"

"ஆமா."

"ஏல, கேட்டியளால?" வேலையாட்கள் பக்கம் திரும்பினார். "செயலாளர் அண்ணாச்சி உதார்ல கோழி தின்னுருக்காரு." அகப்பை இல்லாததால் பெயிண்ட் கட்டை ஒன்றைத் துடைத்துச் சட்டிக்குள் விட்டுக் கிளறினார். "ஒரு கால் கொறையுதே."

"அது அவரு வயித்துல இருக்கு."

"அப்பம் விலை கொறையணும்லா?"

"நூத்தம்பத்தொண்ணு. ரொக்கம். இப்பம்."

அவள் குரலில் எதைக் கண்டாரோ, பேரம் பேசவில்லை. ஆணியில் தொங்கிய சட்டையிலிருந்து பணப்பையை எடுத்தார். இன்று காலை எழுபத்தைந்து ரூபாய்க்கு முறை பேசிய அதே மனுஷனின் கை நோட்டுகளை எச்சில் தொட்டு எண்ணியது. ஒவ்வொன்றின் ஓரத்திலும் பச்சை விரல் ரேகை. "ஞாயித்துக்கெழம சபைக்கு முன்னால எந்திரிச்சிச் சொல்லணும். தாவீது அண்ணாச்சிதான் ரொக்கம் வச்சாருன்னு. ரெண்டு தரம் சொல்லணும். பின்னால இருக்கவனுக்குக் கேக்காது."

செல்வமேரி பணத்தை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். சொல்கிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

அவள் தெருமுனை திரும்பும்போது பின்னால் டின் தட்டுகிற சத்தம் கேட்டது. தாவீதின் வேலையாள் ஒருவன் சட்டியைத் தலையில் வைத்துத் தனசீலன் வீட்டுப் பக்கம் போய்க்கொண்டிருந்தான். ஒருவன் காலி டின்னைத் தட்டிக்கொண்டு முன்னே போனான். மூன்றாமவன் கூவினான். "தாவீது மொதலாளி எடுத்த கோழி! ஏழைக்குத் தானம்! தனசீலன் அண்ணாச்சிக்குத் தானம்!" வாசல்தோறும் ஜனம் எட்டிப் பார்த்தது. நேற்றுக் கண்ணீர் விட்ட முகங்கள்தான். இன்றைக்குத்தான் அதிக சந்தோஷமாய் இருந்தன.

அன்று சாயங்காலம் ஆறு மணிக்குள் தனசீலன் நூற்று ஐம்பத்தொரு ரூபாயை முழுசாகக் கோயில் டப்பாவில் வைத்து ரசீது வாங்கிவிட்டார் என்று கேள்வி. கமிட்டி ஒன்றாம் தேதி கூடியது. ஏஞ்சலம்மாளின் ஆப்பரேஷன் கர்த்தருடைய கிருபையால் ஏற்கனவே முடிந்துவிட்டபடியால், அந்தப் பணத்தில் கோயிலுக்கு வெள்ளையும் ஜன்னல்களுக்குப் பெயிண்டும் அடிப்பதென்று தீர்மானம் ஆயிற்று. காண்ட்ராக்ட் தாவீதுக்கு. இதற்கு ஒருவரும் எதிர்த்துப் பேசவில்லை.

*

தாதர் கடைக்காரன் ஆணியைப் பழுப்புக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தான். ஒரு விரல் நீளம் இருக்கும். தகடும் திருகாணிகளும் தனிப் பொட்டலம். கையில் கனமே இல்லை. பேருந்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது பக்கத்தில் இருந்த ஒருவர் மூக்கைச் சுளித்து நகர்ந்தார். மணிக்கட்டில் காய்ந்திருந்த குழம்பை அப்போதுதான் கவனித்தாள். ஆஸ்பத்திரிக் குழாயில் மூன்று முறை கழுவினாள். மஞ்சள் போகவில்லை.

செவ்வாய்க்கிழமை ஆணி ஏறியது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் தாவீது திரும்பித் திரும்பிப் பார்த்தார். செல்வமேரி அங்கே இல்லை. அம்மாவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். அவள் சாட்சி சொல்ல வராததால், சாட்சியை வாங்கவோ என்னவோ, மதியம் அவரே பார்க்க வந்துவிட்டார், கையில் திராட்சைக் குலையோடு. ஐந்து நிமிஷத்தில் தனசீலனும் வந்தார். அவர் கையில் அதைவிடப் பெரிய குலை. கட்டிலுக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

ஏஞ்சலம்மாளுக்குக் கண் நிறைந்துவிட்டது. இரண்டு கைகளையும் கூப்பினாள். "நீங்க ரெண்டு பேரும் இல்லன்னா நான் இந்நேரம் மண்ணுக்குள்ள. மேரி எல்லாஞ் சொன்னா. என் கோழி நூத்தம்பது ரூவாய்க்கு மேல போச்சாமே. யார் வீட்டுல நிக்கி அது?"

செல்வமேரி சீப்பில் சுற்றிய முடியைப் பிரித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"நம்ம வீட்டுலதான் சித்தி" என்றார் தனசீலன்.

"முட்டை இடுதா?"

"இடுதே. வாரத்துக்கு நாலு."

"அஞ்சு" என்றார் தாவீது, கூரையைப் பார்த்துக்கொண்டு.

தனசீலன் தொண்டையைச் செருமினார். "போன வாரம் ஆறு. நாளைக்கு ஒங்களுக்கு ரெண்டு முட்டை குடுத்துவிடுதேன் சித்தி."

"நான் அரை டஜன் குடுத்துவிடுதேன்" என்றார் தாவீது.

"டஜனே குடுத்துவிடுதேன்."

ஏஞ்சலம்மாள் மகள் பக்கம் திரும்பினாள். அவள் முகம் அத்தனை பிரகாசமாய் இருந்தது. "பாத்தியா மேரி, எம்புட்டு மனசுன்னு? அடுத்த வருஷத்துக்கு ஒரு சேவல் நேர்ந்துருக்கேன். மெஹராஜ்ட்ட சொல்லி நல்ல குஞ்சா ஒண்ணு வாங்கிரு."

செல்வமேரி கட்டிலுக்கு அடியிலிருந்து அம்மா படுத்தபடியே கழிக்கிற எனாமல் பேசினை இழுத்து எடுத்தாள். காலையிலிருந்து ஆயா வரவில்லை, அது நிறைந்திருந்தது. இரண்டு அண்ணாச்சிகளும் ஒரே நேரத்தில் கைக்குட்டையை மூக்குக்குக் கொண்டுபோய், ஆளுக்கு ஓரடி பின்வாங்கி வழி விட்டார்கள். அவள் அதை நெஞ்சோடு அணைத்தாற்போல் ஏந்திக்கொண்டு, தளும்பாமல், நடுவே நடந்து போனாள். அவளுக்கு அது ஒன்றும் அப்படி நாறவில்லை.